கரூர் ரோட்டு இல்லத்துக்கு வந்தவர்

திண்டுக்கல்
6-2-84

அன்புள்ள தங்கச்சி அமலோற்பவத்துக்கு அக்கா மதலேனம்மாள் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் போவேனா என்கிறது. நீயும் ரோஸ்லினும் நாக்பூர்க் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளைக்கு இருமல் நின்றதா? உனக்குச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவேன்.

கரூர் ரோட்டு முதியோர் இல்லத்தில் நான் மேற்பார்வைக்குச் சேர்ந்து பொங்கலோடு வருஷம் திரும்பிவிட்டது. ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் கேட்பாரற்றுக் கிடந்த ஆம்பிளைகள்தான் இங்கே இருப்பவர்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்ட ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மலஜலம் எடுக்கிற வேலைக்கு யார் வருவார்கள்? சமையல்கார சிவனம்மாளும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு சமாளிக்கிறோம்.

கிறிஸ்மஸ் கழிந்த வாரம் ஒருத்தரை பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் தூக்கி வந்தார்கள். காய்ச்சல், குடித்துக் குடித்து ஊதிப்போன உடம்பு. பிழைக்கமாட்டார் என்றுதான் நினைத்தோம். இப்போது எழுந்து நடக்கிறார். அவரையே அந்த வேலைக்கு வைத்தால் என்ன என்று எனக்கு ஓர் எண்ணம். எங்கள் தலைவி சிஸ்டர் பெர்நதெத், “உங்களுக்குக் காய்ச்சலா மதலேனம்மா?” என்று கேட்கிறார்கள். ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கே விளங்கவில்லை. நீயும் ஜெபத்தில் நினைத்துக்கொள்.

ரோஸ்லினுக்கு முத்தம்.

உன் அக்கா,
மதலேனம்மாள்

*

நாக்பூர்
24-2-84

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் டியூட்டி முடிந்து வந்தபோது வாசலில் கிடந்தது. நாங்கள் இருவரும் சுகம். இருமல் நின்றுவிட்டது. மே மாதம் ரோஸ்லினுக்குப் புதுநன்மை, முதல்தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தலையில் வைக்கிற பூமுடி காதை மறைக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்கிறாள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து கீரை ஆயாதீர்கள்.

அந்த ஆளைப் பற்றிக் கேட்டீர்களே, ஒரு நர்ஸாகச் சொல்கிறேன். குடியை நிறுத்தின புதிதில் கை நடுங்கும், பொய் வரும், அழுகை வரும். அழுகையைப் பார்த்து மனம் இளகிவிடாதீர்கள். மருந்து அலமாரிச் சாவியைக் கொடுக்கவே வேண்டாம். எங்கள் வார்டிலும் இப்படிப் பலரைப் பார்த்தாயிற்று. அதற்காக வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆண்டவர் மீன் பிடித்தவனையும் வரி வாங்கியவனையும் கூப்பிட்டார் என்று நாமும் சின்னதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

அவர் பேர் என்ன? எந்த ஊர்? இப்படிப்பட்டவருக்குப் பெண்டாட்டி ஒருத்தி எங்காவது இருப்பாள். அவள் என்ன ஆனாள் என்று யாராவது விசாரித்தீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமலு

*

திண்டுக்கல்
19-3-84

அன்புத் தங்கச்சிக்கு,

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள். நான் கஞ்சியும் துவையலுமாய் ஓட்டுகிறேன். உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. நீ சொன்னபடி ஒத்தடம் கொடுத்ததில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. இங்கே தண்ணீர்தான் பஞ்சம். ராத்திரி பகல் என்று பாராமல் குழாயடியில் குடம் வரிசை கட்டி நிற்கிறது.

அந்த ஆளை வேலைக்கு வைத்துவிட்டோம். வைத்தோம் என்பதைவிட, அவரே வேலையை எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். பொம்மையன் என்று ஒரு பெரியவர். எரியோட்டுப் பக்கம் தோட்டத்தில் காவல் இருந்தவராம். வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. ஊட்டப் போகிறவர் முகத்தில் துப்பிவிடுவார். சிவனம்மாள் அவர் கட்டில் பக்கம் போகவே மாட்டாள். அன்றைக்கு நான் கஞ்சியோடு போனேன். கட்டிலில் இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் எச்சில் வழிகிறது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு சொல்கிறார், “துப்புங்கப்பு, துப்புங்க. எனக்கு வேற சோலி இல்ல. வாய் வலிச்சா நிறுத்துவீகல்ல?”

கஞ்சி ஆறிவிட்டது. எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார். மறுபடியும் ஆறியது. மறுபடியும் போனார். கடைசியில் பொம்மையன் வாயைத் திறந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இப்படிக் காத்திருக்கிறதை நான் மடத்துச் சிஸ்டர்களிடம்கூடப் பார்த்ததில்லை அமலு. இதுதான் என் கண்ணுக்கு முன்னாடியே பட்டிருக்கவேண்டும். ஆனால் ஆளைப் பார்த்தால் யாருக்குத் தோன்றும்?

கட்டுப் போடவும் பழகிக்கொண்டார். வலது கையில் கட்டைவிரல் இல்லை. அதனால் முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்கிறார். சிஸ்டர் அதற்குத் திட்டுவார்கள்.

ரோஸ்லின் புதுநன்மைக்கு ஜெபமாலை அனுப்புகிறேன். போட்டோ எடுத்தால் ஒன்று அனுப்பு.

அக்கா

*

நாக்பூர்
11-5-84

அக்காவுக்கு,

சுகம். ஈஸ்டர் அட்டையும் ஜெபமாலையும் வந்தன. புதுநன்மை நல்லபடி முடிந்தது.

பேர் கேட்டிருந்தேன், நீங்கள் எழுதவில்லை. தோல் பதனிடுகிற ஷாப் மெஷினில் வலது கைக் கட்டைவிரலைக் கொடுத்தவர், முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிறவர், எனக்குத் தெரிந்து திண்டுக்கல்லில் ஒருவர்தான். அவர்தானா?

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வேறு எதுவும் எழுதவேண்டாம்.

அமலோற்பவம்

*

திண்டுக்கல்
20-5-84

அமலு,

ஆமாம்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. பிடிக்காவிட்டால் இதோடு நிறுத்திக் கிழித்துப் போடு.

ரிக்‌ஷாவிலிருந்து இறக்கினபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடியும் சடையுமாய் யாரோ பரதேசி என்றுதான் நினைத்தேன். முகத்தைத் துடைக்கும்போது கண்ணைத் திறந்து, “மதினி” என்றார். துணியைக் கீழே போட்டுவிட்டேன். உன் புருஷன்தான் அது. கஸ்பார்தான்.

கோபத்தில், வெளியே தள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, எப்படித் தள்ளுவது? நாலு நாள் போகட்டும், எழுந்ததும் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். எழுந்தார். அனுப்ப மனம் வரவில்லை. அப்புறம் பொம்மையனுக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

உன்னைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டார். உன்னை என்றுகூடச் சொல்ல முடியாது. “மதினி, பிள்ளை உசுரோட இருக்கா?” என்றார். இருக்கிறாள் என்றேன். எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

உன்னிடம் மறைத்தது ஏன் என்று கேட்பாய். சொல்லிவிட்டால் நீ ‘அனுப்பு’ என்பாய், நான் அனுப்பவேண்டியிருக்கும் என்ற பயம். அப்படியிருந்தும் விரல் விஷயத்தை என் கையே எழுதிவிட்டது. நீ கண்டுபிடிக்கவேண்டும் என்றே எழுதினேனா, தெரியாமல் எழுதினேனா, எனக்குப் புரியவில்லை.

நீ ஒரு வார்த்தை எழுது. அனுப்பு என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

உன் உடம்பும் பிள்ளை உடம்பும் நன்றாயிருக்கவேண்டும்.

அக்கா

*

திண்டுக்கல்
2-7-84

என் அமலுவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். சுகமாயிருக்கிறாய் என்றாவது ஒரு கார்டில் எழுதிப் போடு. நான் இருக்கிறேன்.

நடந்ததை மறைத்து ஒருதடவை பட்டாயிற்று, இனி மறைக்கப்போவதில்லை. போன மாதக் கடைசியில் கஸ்பார் குடித்துவிட்டார். சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்த லாரிக்காரன் யாரோ பழைய கூட்டாளியாம். அவனோடு போய்ச் சாயங்காலம் திரும்பினவர் முற்றத்தில் விழுந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்து, சிவனம்மாளை வாய்க்கு வந்தபடி பேசி, பெரிய கூத்தாகிவிட்டது. அவர் கை ஓங்கியதையும் பார்த்தேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினார். அப்போது எனக்கு உன் முகம்தான் கண்ணில் நின்றது.

சிஸ்டர் வெளியே அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான் என்று நானும் பேசாமல் இருந்தேன். பொம்மையன் யார் கையிலும் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். புரட்டிப் போட ஆளில்லாமல் முதுகில் புண் கண்டுவிட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழனி பஸ் நிற்கிற இடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க” என்றேன்.

“வேணாம் மதினி. நான் வந்தா திரும்பியும் இப்படித்தான் ஆகும்.”

“ஆனா ஆகட்டும். அந்த மனுசன் பட்டினி கிடக்காரு.”

எழுந்து என் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. நேராகப் போய்க் கையைக் கழுவினார்.

சிஸ்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். “எதைப் பாத்தும்மா இவரை இம்புட்டு நம்புறீங்க?”

“தெரியல சிஸ்டர்.”

“தெரியாமத்தான் நானும் மடத்துல சேந்தேன்” என்றார்கள். ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

நான் செய்வது சரியா அமலு? எனக்கு எதிராகவாவது ஏதாவது எழுது.

அக்கா

*

நாக்பூர்
15-8-84

அக்கா,

இன்று மாதா மோட்சத் திருநாள். பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். மரியாதை பாராமல் ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். நீங்கள் என்று எழுதினால் நான் நினைப்பது எதுவும் வெளியே வராது.

ரோஸ்லின் வகுப்பில் எப்போதும் இடது ஓரப் பெஞ்சில்தான் உட்காருவாள். அப்போதுதான் கேட்கிற வலது காது மற்றவர்கள் பக்கம் இருக்கும். புது டீச்சர் வந்து இடம் மாற்றினால் வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டாள். நாலு வயதில் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். எனக்கு விழவேண்டிய அறை அவளுக்கு விழுந்தது. இது உனக்குத் தெரியாததில்லை. மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தானே வந்தேன்?

நீ என்ன சொன்னாய்? “ஆம்பிளைன்னா அப்படித்தான்டி, திருந்திருவான்” என்றாய். திரும்பப் போகமாட்டேன், நாக்பூர் மடத்துக்குப் போகிற சிஸ்டரோடு போய் நர்ஸ் வேலை கற்றுக்கொள்கிறேன் என்றேன். சிரித்தாய். “கோழி அறுத்தாலே மயங்கி விழுவ. ஒனக்கு அதெல்லாம் வராதுடி” என்றாய்.

அவரைப் பற்றித் ‘திருந்துவான்’ என்றாய். என்னைப் பற்றி ‘வராது’ என்றாய். இதை நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே முதல் நாளே மயங்கித்தான் விழுந்தேன். வார்டில் இருந்த மராத்திக்கார சிஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளித்து, “எல்லாரும் விழுவார்கள். எழுந்து என்ன செய்கிறாய் என்றுதான் பார்ப்பேன்” என்றார்கள். என் ஊர் தெரியாது, பாஷை தெரியாது. என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. கூடப் பிறந்த உனக்குத் தெரியவில்லை. இப்போது மட்டும் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரிடம் தெரிகிறதா? அது விசுவாசமா? விசுவாசம் என்றால் ஆம்பிளைகளிடம் மட்டும்தான் பார்க்குமா?

அவரை அனுப்பிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தப் பெரியவர் யார் கையில் சாப்பிடுவார் என்ற நினைப்பு வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. நோயாளிதான் முதலில் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

கஞ்சியை மறுபடி மறுபடி சுடவைத்தார் என்று எழுதினாய். ஒரு தடவை சோற்றில் சூடு குறைந்ததென்று தட்டை என்மேல் எறிந்தவர் அவர். இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப் பார்க்க எனக்கு வரவில்லை. நீ எழுதுவது பொய் என்றால் நிம்மதியாக இருப்பேன். நிஜம் என்றால், அந்த மனிதர் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?



முழங்கால் எப்படி இருக்கிறது?

அமலு

*

திண்டுக்கல்
20-9-84

அமலு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்வதும் எழுவதுமாக ஒரு மாதம் போய்விட்டது. நீ என்னை ‘நீ’ என்று எழுதியது நீ பாவாடை கட்டிக்கொண்டு என் பின்னாலேயே அலைந்த நாட்களில் கூப்பிட்டது மாதிரி இருந்தது. இனி அப்படியே எழுது.

‘வராது’ என்று சொன்னேன். ஆமாம். அதற்கு மேல் என்ன எழுதினாலும் சாக்குச் சொல்வது மாதிரி இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

கோயிலில் போய் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. அவரிடம் நான் பார்த்ததாகச் சொல்வது ஆண்டவர் காட்டியதா? உனக்குச் செய்யாததை யாருக்காவது செய்துவிட்டால் மனது ஆறும் என்று நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டதா? பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவியை ஆண்டவர் கைவிடமாட்டார் என்றார். “சரி சாமி, என் தங்கச்சி?” என்றேன். “எனக்கும் தெரியலம்மா” என்றார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது.

இப்போது ஒன்று கேட்கிறேன். உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் நோயாளிக்காகக் கேட்கிறேன். பொம்மையன் முதுகுப் புண் பெரிதாகிவிட்டது. குழி விழுந்து நாற்றம் அடிக்கிறது. வாரத்துக்கு ஒருதரம் வருகிற டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, “இனிமே எல்லாம் நீங்க பாக்குற பக்குவத்துலதான் இருக்கு” என்று போய்விட்டார். என்ன பக்குவம் என்று சொல்லவில்லை. சிவனம்மாள் மஞ்சள் அரைத்துப் போடலாம் என்கிறாள். கஸ்பார் பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கிறார். இது சரியா? உன் வார்டில் இப்படிக் கிடப்பவர்களை என்ன செய்வீர்கள்?

நீ எழுதாவிட்டாலும் நான் வருத்தப்படமாட்டேன்.

பிள்ளைக்கும் உனக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

அக்கா

*

நாக்பூர்
28-9-84

அக்கா,

சுகம். உடனே எழுதுகிறேன். அழுத்தித் தேய்ப்பதை இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே நிறுத்தச் சொல். கூட இருக்கிற தாளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடு. நீ படித்துச் சொல்லவேண்டாம், அவரே படிக்கட்டும். வேறெதுவும் பேசவேண்டாம்.

அமலு

(கூட இருந்த தாள்)

வார்டு ஊழியர் கஸ்பாருக்கு,

நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். இடது பக்கம், வலது பக்கம், மாறி மாறி. புண் ஆறும்வரை மல்லாக்கப் படுக்கவைக்கக்கூடாது. ராத்திரியும் புரட்டவேண்டும். தூங்குகிறார் என்று விட்டுவிடக்கூடாது.

புரட்டும்போது இழுக்கக்கூடாது. இழுத்தால் தோல் உரியும். இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கித் திருப்பவேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கவும். கட்டில் துணியில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது.

சிவந்திருக்கிற இடத்தைத் தேய்க்கக்கூடாது. பவுடர், மஞ்சள் எதுவும் கூடாது. கொதித்து ஆறின உப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி எடுத்துக் கட்டவேண்டும். முடிச்சைப் பல்லால் இழுக்கக்கூடாது. வாயில் இருக்கிற அழுக்கு புண்ணுக்குப் போகும். இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லவும்.

தினம் முட்டை, பருப்பு கொடுக்கவும். மூத்திரத் துணியில் ஒரு நிமிஷம்கூடக் கிடக்க விடாதீர்கள்.

புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ச் சதை தெரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். கறுத்தால் டாக்டரைக் கூப்பிடவும்.

வார்டு நர்ஸ்,
நாக்பூர்

*

திண்டுக்கல்
18-11-84

என் அமலுவுக்கு,

நல்ல மழை. இல்லத்துக் கிணற்றில் கையால் மொண்டு எடுக்கலாம் போலத் தண்ணீர் ஏறியிருக்கிறது. நான் சுகம், முழங்காலும் என்னோடு சமாதானமாகிவிட்டது. உங்கள் சுகத்துக்கு எழுது.

தாளைக் கொடுத்தபோது கஸ்பார் பொம்மையன் பக்கத்தில்தான் இருந்தார். நின்றபடியே படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரமாகும். பாதியில் அவர் வாய் அசைவது நின்றது. கையெழுத்து தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கல்யாணமான புதிதில் உன்னைக் கடைக்குச் சாமான் எழுதச் சொல்லி எடுத்துப் போவாரே. தன் பேர் உன் கையால் எழுதியிருப்பதை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்திருப்பார். நீ அவர் பேரை உச்சரித்து நானும் கேட்டதில்லையே.

“யாரு மதினி எழுதுனது?” என்றார்.

“ஒரு நர்ஸு.”

மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, “அப்பு, இனிமே உம்மைத் தேய்க்க மாட்டேன். தூக்கித்தான் திருப்பணுமாம்” என்று பொம்மையனிடம் சொன்னார்.

அன்றிலிருந்து கஸ்பார் பொம்மையன் கட்டிலுக்கடியில் பாய் போட்டுத்தான் படுக்கிறார். கோயில் மணி அடித்தால் எழுந்து புரட்டுகிறார். மணி அடிக்காத வேளையில் எப்படி எழுகிறார் என்று எனக்குத் தெரியாது. முடிச்சுப் போட சிவனம்மாளைக் கூப்பிடுகிறார். அவள் முதலில் வரமாட்டேன் என்றாள். அவரை மன்னித்துவிட்டதாக அவள் இன்னும் சொல்லவில்லை, ஆனால் வந்து முனையைப் பிடிக்கிறாள்.

நேற்று என்னிடம் வந்து நின்றார். “மதினி, அந்த நர்ஸுக்குப் பதில் எழுதுறப்ப, ஓரத்துல செவப்பா சதை வந்துருச்சுன்னு எழுதுங்க. குழி பாதி தூந்துருச்சு. வாடை இல்ல. தினம் முட்டை திங்காரு.”

“வேற ஏதாவது எழுதணுமா?”

“வேற என்ன இருக்கு? நர்ஸுக்கு நோயாளி சங்கதிதான வேணும்” என்று போய்விட்டார்.

அமலு, இவர் இனிக் குடிக்கமாட்டார் என்று என்னால் உனக்கு எழுதிக்கொடுக்க முடியாது. லாரிச் சத்தம் கேட்டால் இப்போதும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். நான் பார்த்தது சரியா தப்பா என்று கேட்பதையே விட்டுவிட்டேன். புண் ஆறுகிறது, அது தெரிகிறது.

சிஸ்டர் பெர்நதெத் உன் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். கஸ்பார் கொடுக்கவில்லை. சிஸ்டரே உட்கார்ந்து வேறொரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எழுதிக்கொண்டே, “இந்தப் பிள்ளைக்கு நல்லா சொல்லிக்கொடுக்க வருது மதலேனம்மா” என்றார்கள். என் தங்கச்சி என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைப் பற்றி முதல்முதலில் யாரிடமோ பெருமையாகச் சொல்கிறேன், அதுவும் நாற்பத்தெட்டு வயசில்.

அக்கா

*

நாக்பூர்
6-1-85

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ராஜாக்கள் திருநாள் வாழ்த்து. உன் கடிதம் நவம்பரிலேயே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் ஒருநிலைப்படவில்லை. வார்டில் வேலை பார்க்கிறபோது தெளிவாயிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் கோபம், ஒரு நாள் ஒன்றுமேயில்லை, ஒரு நாள் ஏனென்று தெரியாமல் அழுகை. கோபம் இல்லாத நாளில் ரோஸ்லினுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு வரமாட்டேன். அதை மட்டும் யாரும் எதிர்பார்க்கவேண்டாம். அவர் நல்லவராகட்டும், ஆகாமல் போகட்டும். அதைப் பார்ப்பதற்கு நானும் பிள்ளையும் வந்து நிற்கவேண்டியதில்லை. நீ எங்களைக் கூப்பிடாமல் இருந்ததற்கு உனக்கு என் நன்றி.

கிறிஸ்மஸ் லீவில் ரோஸ்லின் அலமாரியைத் துடைக்கும்போது உன் கடிதங்களைப் படித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே உன் கடிதங்களை வைத்துத்தானே. நான் டியூட்டி முடிந்து வந்ததும் வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

“கஸ்பார் அப்பாதானம்மா?”

ஆமாம் என்றேன்.

“அப்பா நல்லவராயிட்டாரா?”

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. “தெரியலடி. அந்தத் தாத்தாவை வலிக்காம திருப்பிப் படுக்கவைக்கத் தெரிஞ்சிருக்கு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், கோபப்படுவாள் என்றும் நினைத்தேன். “என்னைய அடிச்ச கைதானே?” என்றாள். ஆமாம் என்றேன். இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுந்து விளையாடப் போய்விட்டாள். என்ன நினைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொம்மையனின் குழி முழுக்க மூடினபிறகும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது. புதுத்தோல் மெல்லியது, சீக்கிரம் பிய்யும். கையையும் காலையும் தினம் மெதுவாக மடக்கி நீட்டவேண்டும். அதற்கு ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன், அவரிடம் கொடு. இனி நோயாளி விஷயத்தை உன்னிடம் சொல்லி எழுதவேண்டாம், அவரே எழுதட்டும். கட்டைவிரல் இல்லாமலே பேனா பிடிக்கப் பழகலாம், எங்கள் வார்டிலேயே பழகியிருக்கிறார்கள். புண்ணின் அளவு, சாப்பாடு, காய்ச்சல் உண்டா இல்லையா, இவைதான் எழுதவேண்டும். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் எழுதக்கூடாது. எழுதினால் படிக்கமாட்டேன்.

எல்லாம் எழுதி முடித்துத் தாளில் இடம் மிச்சம் இருந்தால், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதலாம்.

கேட்பது ரோஸ்லின். நான் இல்லை.

உன்
அமலு